கூட்டு மின் அடுப்பில் சமைக்கும் முறை

தென்காசி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டியுள்ள புளியறையில், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சாரல் அடிக்கடி பெய்யும். விறகும் தென்னை மட்டையும் நனைந்து அடுப்படியில் புகை சூழும். இக்காலத்தில் நுண்ணலையும் வெப்பக்காற்றும் சேர்ந்த கூட்டு மின் அடுப்பு இல்லத்தரசிகளுக்கு நல்ல துணை. ஆனால், பல வீடுகளில் இது பால் சுடவைக்க மட்டுமே பயன்படுகிறது. எந்த வெப்பம் எந்த வேலையைச் செய்யும் என்று அறிந்துகொண்டால் இதன் முழுப் பயனையும் பெறலாம்.

இருவகை வெப்பம்

ரேடார் கருவிக்கான மாக்னெட்ரான் குழாயைச் சமையலுக்குத் திருப்பியவர் அமெரிக்கப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர் (1945). அக்குழாயிலிருந்து வரும் நுண்ணலைகள் உணவுக்குள் சில சென்டிமீட்டர் ஆழம் வரை சென்று, அதிலுள்ள நீரைச் சூடாக்குகின்றன. எனவே உணவு விரைவில் வேகும்; ஆனால் மேற்புறம் சிவக்காது. வெப்பக்காற்று முறையில் சூடான காற்றை விசிறி சுழற்றுகிறது. இது மேற்புற ஈரத்தைப் போக்கிச் சிவக்க வைக்கும், நேரம் அதிகமாகும்.

பாத்திரங்கள்

1. நுண்ணலைக்கு வெப்பம் தாங்கும் கண்ணாடி, பீங்கான் பாத்திரங்கள் ஏற்றவை. எவர்சில்வர், அலுமினியம், பொன் வரியிட்ட பீங்கான் கூடாது; தீப்பொறி பறக்கும்.
2. வெப்பக்காற்றுக்கு உலோகத் தட்டு ஏற்றது, பிளாஸ்டிக் கூடாது.
3. இரண்டையும் சேர்த்து இயக்கும்போது வெப்பம் தாங்கும் கண்ணாடியே பாதுகாப்பானது.

செய்முறைகள்

சர்க்கரைவள்ளிக்கிழங்கு: அரை கிலோ கிழங்கைக் கழுவி, முள்கரண்டியால் பல இடங்களில் குத்தவும். நுண்ணலையில் 5 முதல் 7 நிமிடம் வேகவைத்து, பின் 200 டிகிரி வெப்பக்காற்றில் 10 நிமிடம் வைத்தால் சுட்ட மணம் வரும்.

கேழ்வரகு கேக்: கேழ்வரகு மாவு 100 கிராம், கோதுமை மாவு 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி ஆகியவற்றைச் சேர்த்துச் சலிக்கவும். பொடித்த வெல்லம் 150 கிராம், முட்டை 2, எண்ணெய் 100 மில்லி, பால் 120 மில்லி ஆகியவற்றை அடித்து மாவுடன் கலக்கவும். முன்னதாகவே 180 டிகிரிக்குச் சூடேற்றிய அடுப்பில், எண்ணெய் தடவிய தட்டில் வைத்து, வெப்பக்காற்றில் மட்டும் ஏறக்குறைய 35 நிமிடம் வேகவிடவும். ஈர்க்கால் குத்திப் பார்த்தால் மாவு ஒட்டக் கூடாது.

எச்சரிக்கை

மரவள்ளிக்கிழங்கை நுண்ணலையில் வேகவைக்க வேண்டாம். அதில் சயனைடு நஞ்சைத் தரும் பொருள் உண்டு. தோலுரித்து நறுக்கி, திறந்த பாத்திரத்தில் நிறைய நீர் விட்டு வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டுவதே முறை. ஓட்டுடன் முட்டையை நுண்ணலையில் வைத்தால் வெடிக்கும். கொப்பரையை இதில் உலர்த்த முயல்வதும் ஆபத்து; எண்ணெய் மிகுந்த காய்ந்த பொருள் தீப்பற்றக்கூடும். அடுப்பை வெறுமையாக இயக்கக் கூடாது. நில இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக்கையே பயன்படுத்தவும்.

மின் செலவு

1500 வாட் இழுக்கும் அடுப்பு 40 நிமிடம் இடைவிடாது ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். 1200 வாட் இழுக்கும் நுண்ணலையை 5 நிமிடம் இயக்கினால் பத்தில் ஒரு யூனிட்டே ஆகும். ஆகவே வேகவைக்க நுண்ணலையையும், சிவக்க வைக்க மட்டும் வெப்பக்காற்றையும் பயன்படுத்துங்கள். சோறு வடிக்க இது வேண்டாம். அரிசி நீரை உறிஞ்ச எந்த அடுப்பிலும் நேரம் பிடிக்கும்.