நடிப்புத் தேர்வுக்கு நாள் வகுத்தல்

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என அடுத்தடுத்து வைத்துள்ளார். அவை அரசியலின்கண் கூறப்பட்டவை. ஆயினும் யாதானும் ஒரு வினையை மேற்கொள்ளும் எவர்க்கும் பொருந்துவன. நாடகக் கலையைப் பல்கலைக்கழகத்திற் பயில விரும்பி நடிப்புத் தேர்வுக்குச் செல்லும் மாணவர்க்கு இம்முறை பெரிதும் துணைசெய்யும். ஆதலின் அம்மூன்றையும் தலைப்பாகக் கொண்டு இப்பாடத்தை எழுதுகின்றோம்.

தேர்வின் இயல்பு

கலைத்துறை மாணவர் உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிற் சித்தியெய்தி, இசட் புள்ளியின் வரிசைப்படி பல்கலைக்கழகம் புகுவர். நுண்கலைக் கற்கைநெறிகள் சிலவற்றுக்கு இப்புள்ளி மட்டும் போதாது. அந்நெறியை நடத்தும் பல்கலைக்கழகம் வைக்கும் செயன்முறைத் தேர்விலும் சித்தியடைதல் வேண்டும். எந்த நெறிக்கு அத்தேர்வு உண்டு, எம்மொழியிற் கற்பிக்கப்படும், உயர்தரத்தில் எப்பாடங்களைப் பயின்றிருத்தல் வேண்டும் என்பவற்றைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலிற் காணலாம்.

இங்கே மாணவர் மனத்திற் பதிக்கவேண்டியது ஒன்றுண்டு. விண்ணப்பங்கள் இரண்டு. ஒன்று ஆணைக்குழுவுக்கு, மற்றது தேர்வை நடத்தும் நிறுவகத்துக்கு. முன்னதில் அந்நெறியைக் குறித்துப் பின்னதை அனுப்பாதவர் தேர்வுக்கு அழைக்கப்படார். தேர்விற் சிறந்து விளங்கியும் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் அந்நெறியைக் குறியாதவர் இடம் பெறார். இரண்டும் வெவ்வேறு நாளில் முடிவன.

தமிழ் மாணவர் முதலிற் கருதத்தக்கது மட்டக்களப்புக் கல்லடியிலுள்ள, கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த, சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கப்படுகின்றன. கொழும்பிலே கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் 2005 ஆம் ஆண்டு தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பட்டம் பெற்றபின் மேலும் கற்க விரும்புவோர் 1959 இல் தோன்றிய டில்லித் தேசிய நாடகப் பள்ளியையும் நாடலாம்.

பிறநாட்டு முறையை ஒப்புநோக்குதல் நன்று. அமெரிக்காவில் நாடகக் கல்லூரிகள் பல ஒன்றுகூடி, நியூயோர்க், சிக்காகோ, லொஸ் ஏஞ்சல்ஸ் முதலிய நகரங்களில் ஆண்டின் தொடக்கத்தில் ஒரே இடத்தில் தேர்வு வைக்கும் வழக்கம் உண்டு. மாணவர் சின்னாட்களுள் பல கல்லூரிகளின் முன் நடித்துக் காட்டுவர். டில்லிப் பள்ளியோ பல நகரங்களில் முதற்றேர்வு நடத்தி, அதில் தேறியோரை அழைத்துப் பட்டறை வைத்து இறுதியாகத் தெரிவுசெய்கின்றது. நம் நாட்டில் ஒவ்வொரு நிறுவகமும் தனித்தனியே அறிவித்துத் தனித்தனியே அழைக்கின்றது. எனவே நாட்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் மாணவரைச் சார்ந்ததாயிற்று.

1. வலியறிதல்

தேர்வாளர் பெரும்பாலும் சில நிமிட நடிப்பொன்றைக் காட்டச் சொல்வர். பாடவோ தாளத்துக்கு அசையவோ பணிப்பர். ஒரு சூழலைக் கூறி அவ்விடத்திலேயே நடிக்கச் சொல்வர். நாடகம் பற்றி வினவுவர். இவற்றுள் தம் வலிமை யாது, குறை யாது என மாணவர் முதற்கண் அறிதல் வேண்டும்.

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தம்மிடம் காட்டுதற்கு ஒன்றுமில்லை என எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தை அவர்கள் சிறுவயதிலேயே கண்டிருப்பர். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அவ்வாறே. ரதியின் புலம்பலையும் வீரபத்திரனின் வருகையையும் தப்பொலியோடு கேட்டு வளர்ந்த செவி அவர்களுடையது. தாளத்தை அடிவைப்பாற் காட்டவும், திறந்த வெளியிற் கூட்டத்துக்குக் கேட்குமாறு குரலெடுக்கவும் அவர்களுட் பலர் முன்னரே அறிவர். நகரத்து மாணவர் ஆசிரியர்பால் கற்கவேண்டியதை இவர்கள் களத்தருகே கற்றுள்ளனர்.

எனினும் களத்தில் ஆடுவது வேறு, தேர்வு மண்டபத்தில் ஆடுவது வேறு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962 இற் கர்ணன் போர், 1963 இல் நொண்டி நாடகம், 1964 இல் இராவணேசன், 1968 இல் வாலி வதை ஆகியவற்றை மேடையேற்றினார். விடியவிடிய ஆடப்பெற்ற கூத்தினைச் சில மணி நேரத்துள் அடக்கி, ஆட்டமும் பாட்டும் குன்றாது படச்சட்ட மேடைக்கு ஏற்றவாறு அமைத்ததே அம்முயற்சியின் சிறப்பு. அவர் இரவினைச் சில மணியாகச் சுருக்கினார். நம் மாணவர் அதனை மூன்று நிமிடமாகச் சுருக்குதல் வேண்டும். எந்த இடத்திற் பாத்திரத்தின் உள்ளம் மாறுகின்றதோ அந்த இடத்தை மட்டும் எடுத்துக்கொள்க. ரதி தன் கணவனைத் தடுக்கும் இடமும், அவன் கேளாது புறப்படும் இடமும் போதும். அதன் முன்னும் பின்னும் வேண்டா.

இவ்வாறு கூத்துப் பகுதி ஒன்றும், இக்கால உரைநடை நாடகப் பகுதி ஒன்றும், பாட்டு ஒன்றும் ஆக மூன்று உருப்படிகளை மட்டும் ஆயத்தம் செய்க. ஒவ்வொரு நிறுவகத்துக்கும் ஒவ்வொன்று எனப் பெருக்கின் ஒன்றும் நிலைபெறாது. வாய்மொழி வினாவுக்கு வேண்டிய அறிவையும் சிறிது சிறிதாகத் திரட்டுக. சங்கரதாஸ் சுவாமிகள் (1867 – 1922), பம்மல் சம்பந்த முதலியார் 1891 இற் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபை, 1956 இற் சரத்சந்திரர் மேடையேற்றிய மனமே, 1985 இல் யாழ்ப்பாணத்தில் மேடையேறிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் மண் சுமந்த மேனியர் ஆகியன பற்றி நாற்பது சொல்லில் விடைகூறத் தெரிந்திருத்தல் நன்று.

2. காலமறிதல்

மாதப் பெயரைக் கொண்டு திட்டமிடுதல் இக்காலத்துக்குப் பொருந்தாது. பல ஆண்டுகளாக ஆகத்து மாதத்தில் நிகழ்ந்துவந்த உயர்தரப் பரீட்சை அண்மைக் காலத்தில் இடம்மாறிற்று. 2022 ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2023 இன் தொடக்கத்திலும், 2023 ஆம் ஆண்டுக்குரியது 2024 சனவரியிலும் நடைபெற்றன. அதன்பின் வரும் பெறுபேறு, விண்ணப்பம், செயன்முறைத் தேர்வு அனைத்தும் அவ்வாறே நகர்ந்தன. ஆகவே மூத்த மாணவர் சென்ற மாதத்தையே நம்பியிராது, அறிவித்தலைக் கண்ட நாளிலிருந்து முன்னோக்கியும், தேர்வு நாளிலிருந்து பின்னோக்கியும் எண்ணுதல் வேண்டும். எட்டு வாரம் கிடைப்பின் பின்வருமாறு வகுக்கலாம்.

முதல் வாரம்: கைந்நூலைப் படித்தல், பெரிய தாளொன்றில் நிறுவகத்தின் பெயர், விண்ணப்ப முடிவுநாள், தேர்வு நாள், வேண்டிய பத்திரங்கள் ஆகியவற்றை நிரலாக எழுதிச் சுவரில் ஒட்டுதல். பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலும் தேசிய அடையாள அட்டையிலும் பெயர் ஒத்துள்ளதா என நோக்குதல். ஓர் எழுத்து வேறுபடினும் திருத்துதற்குப் பல நாள் செல்லும்.

இரண்டாம் வாரம்: உருப்படிகளைத் தெரிந்து சுருக்குதல்.

மூன்றாம் வாரம் முதல் ஐந்தாம் வாரம் வரை: நாள்தோறும் ஒரு மணி நேரம் பயிலுதல். குரற்பயிற்சிக்கு விடியற்காலையும் அசைவுப் பயிற்சிக்கு மாலையும் ஏற்றன.

ஆறாம் வாரம்: அறியாதவர் முன் நடித்துக் காட்டுதல்.

ஏழாம் வாரம்: பயணத்தையும் தங்குமிடத்தையும் உறுதிசெய்தல்.

எட்டாம் வாரம்: பயிற்சியைப் பாதியாகக் குறைத்தல், குரலுக்கு ஓய்வளித்தல், புதியதொன்றையும் சேர்க்காதிருத்தல்.

ஆறாம் வாரத்தின் பயனை விளக்குதல் வேண்டும். தாம் மிக விரும்பும் நிறுவகத்தின் தேர்வு முதலாவது தேர்வாக அமையாதிருப்பின் நன்று என்பர். முதன்முறை நிற்கும்போது நாவறட்சியும் கால்நடுக்கமும் இயல்பு. இரண்டாம் முறை அவை தணியும். ஆனால் நாளைக் குறிப்பவர் தேர்வாளரேயன்றி மாணவர் அல்லர். எனவே முதற்றேர்வைக் கல்லூரியிலேயே வைத்துவிடுதல் வேண்டும். அம்மாணவர்க்குக் கற்பியாத ஆசிரியர் மூவரை மேசையின் பின் அமரச்செய்து, பெயர் கூறி அழைத்து, இடையிலே நிறுத்தி, வேறு விதமாக நடிக்கச் சொல்லிப் பார்க்க. தேர்வாளர் அவ்வாறு நிறுத்துவது குற்றம் கண்டதனால் அன்று; சொன்னதை ஏற்கும் இயல்பு மாணவரிடம் உண்டோ என அறிதற்கே.

இரு தேர்வுகள் ஒரே நாளில் அமையின் வாளாவிருத்தல் கூடாது. அழைப்புக் கிடைத்த அன்றே ஒரு நிறுவகத்துக்குப் பணிவுடன் எழுதி, மற்றைய அழைப்பின் பிரதியையும் இணைத்து, வேறு நாளோ வேறு நேரமோ வேண்டுக. கிட்டாது போயின் எதனை விடுவது என்பதை முன்னரே பெற்றோருடன் கலந்து துணிந்திருத்தல் வேண்டும்.

இனி, தோட்டத்து மாணவர்க்கே உரிய இடர் ஒன்றுண்டு. லயன்களில் வாழ்வோர் பலர்க்குத் தனி வீட்டு முகவரி இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறியே வந்து சேர்கின்றது. நாம் கற்பித்த மாணவி ஒருத்திக்கு அழைப்புக் கடிதம் தேர்வு முடிந்த மறுநாளே கிட்டிற்று. அவள் திறமையில் யாதொரு குறைவுமில்லை. அவ்வாண்டு அவளுக்கு இல்லாது போயிற்று. மறு ஆண்டு அவள் தையற்சாலையில் வேலைக்குச் சென்றாள், மீண்டும் விண்ணப்பிக்கவில்லை. ஆதலின் விண்ணப்பத்திற் கல்லூரியின் முகவரியையோ நகரிலுள்ள உறவினர் முகவரியையோ எழுதுக. தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் தவறாது குறிக்க. நாள் நெருங்கியும் கடிதம் வாராவிடின், காத்திராது நிறுவகத்துடன் தொடர்புகொண்டு கேட்க.

3. இடனறிதல்

ரம்புக்கனையிலிருந்து கொழும்பு புகையிரதப் பாதையில் 80 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். விடியற்காலை வண்டியிற் சென்று அன்றே மீளலாம். மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அவ்வாறு இயலாது. பொல்காவலைச் சந்தியில் வடக்கு நோக்கிய பாதைக்கு மாறுதல் வேண்டும். மட்டக்களப்புப் பாதை மாகோவில் மீண்டும் பிரிகின்றது. இரவு முழுதும் அமர்ந்தவாறு பயணம் செய்து, காலையில் இறங்கி, அப்படியே தேர்வு மண்டபத்துட் புகுபவரின் குரல் அடைத்திருக்கும்; உடல் வளையாது. முதல் நாளே சென்று தங்கி உறங்கி எழுதல் தேர்வின் ஒரு பகுதியே எனக் கருதுக. மழைக்காலத்திற் பாதை தடைப்படுதலும் உண்டாதலின் மாற்று வழியான பேருந்தையும் அறிந்துவைக்க.

செலவையும் எண்ணுதல் வேண்டும். மகளுக்குத் துணையாகத் தாய் செல்வாளாயின் இரண்டு மூன்று நாட்பேர் போய்விடும். இறப்பர்த் தோட்டத்தில் மழை பெய்தாற் பால்வெட்டு இல்லை. அம்மாதத்தில் வேலைநாள் முன்னரே குறைந்திருக்கும். வண்டிக் கட்டணத்துடன் இழந்த சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலன்றி உண்மைச் செலவு புலப்படாது. எட்டு வாரத்துக்கு முன்னரே அறிந்தால் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். எட்டு நாளில் அறிந்தால் வட்டிக்கே வாங்கவேண்டும். நாள் வகுத்தல் ஏழை மாணவர்க்குப் பணத்தை ஒத்த துணையாவது இதனாலேயே.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

கொழும்பிலிருந்து வரும் இரட்டைத் தண்டவாளம் நம் ரம்புக்கனையுடன் முடிந்து, கடுகண்ணாவை நோக்கிய ஏற்றம் இங்கே தொடங்குகின்றது. மலையேறும் வண்டிக்கு இந்நிலையத்தில் மற்றுமோர் எஞ்சினைப் பூட்டி உந்திவிட்ட காலம் உண்டு. அத்தகைய உதவியையே நம் கல்லூரியின் பழைய மாணவரிடம் வேண்டுகின்றோம். கொழும்பிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வாழும் நம்மவர், தேர்வுக்கு வரும் பிள்ளைக்கும் உடன்வருபவர்க்கும் ஓரிரவு தங்க இடமும் காலை உணவும் கொடுத்தால் போதும். அவ்வாறு கொடுக்கக்கூடியவர் பெயர்களைச் சங்கச் செயலாளர் ஒரு பதிவேட்டில் எழுதிக் கல்லூரி அலுவலகத்தில் வைப்பாராயின், இவ்விழா ஆண்டின் நிலையான பயன்களுள் அதுவும் ஒன்றாகும். செலவு சிறிது, ஆயினும் அஃதின்றிப் போகாதுவிடும் பிள்ளைகள் உளர்.

பயிற்சி

1. மட்டக்களப்பில் வியாழக்கிழமையும் கொழும்பில் அடுத்த திங்கட்கிழமையும் தேர்வு உண்டு எனக் கொள்க. புதன்கிழமை காலை முதல் திங்கள் இரவு வரை பயணம், உறக்கம், பயிற்சி, உணவு ஆகியவற்றைக் குறித்து நிரலொன்று வரைக. உடன்செல்பவர் இழக்கும் வேலைநாட்களையும் எழுதுக.

2. நீர் கண்ட காமன் கூத்திலிருந்து ஒரு காட்சியைத் தெரிந்து, மூன்று நிமிடத்தில் நடிக்குமாறு சுருக்குக. எதனை விட்டீர், ஏன் விட்டீர் என ஐந்து வாக்கியங்களில் விளக்குக.

3. தேர்வு நாளை மாற்றித் தருமாறு ஒரு நிறுவகத்தின் பதிவாளருக்குக் கடிதம் எழுதுக. பத்து வரிக்கு மேற்படலாகாது.

விடைகளை இம்மாத இறுதிக்குள் தமிழாசிரியரிடம் ஒப்புவிக்க.