ஷட்டருக்கு வெளியே மூன்றடி

கேள்வி: வேலூர் லாங் பஜாரில் தாத்தா காலத்திலிருந்து எங்களுக்கு மளிகைக் கடை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே மாடல் ரயில் என்றால் உயிர். மொட்டை மாடி அறையில் எட்டுக்கு நாலு பிளைவுட் போட்டு, மீட்டர் கேஜ் காலத்து வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனை ஹெச்.ஓ. அளவில் செய்துகொண்டிருக்கிறேன். அதோடு லாங் பஜார் கடை வரிசை ஒன்றும் வைக்க வேண்டும் என்பது ஆசை. அமெரிக்காவிலிருந்து வந்த அத்தை மகன் ஒரு கடை முகப்பு கிட் வாங்கிக் கொடுத்தான். செங்கல் சுவர், கீழே பெரிய கண்ணாடி, மேலே மூன்று ஜன்னல். இன்னும் ஒட்டவில்லை, டேப் போட்டு நிறுத்திப் பார்த்தேன். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அது நம் ஊர்க் கடையாகத் தெரியவில்லை. பெயின்ட் மாற்றினால் சரியாகிவிடுமா, இல்லை எல்லாவற்றையும் நானேதான் செய்ய வேண்டுமா? ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருக்கும் நண்பர் தோல் துண்டுகள் தருகிறேன் என்கிறார். அதை எங்காவது பயன்படுத்தலாமா?
— வாசகர், வேலூர்

பதில்: பெயின்ட் மாற்றினால் சரியாகாது. ஆனால் கிட்டைத் தூக்கிப் போட வேண்டாம். பாதிக்கு மேல் உங்களுக்கு உதவும்.

அந்த கிட் ஏன் வேலூராகத் தெரியவில்லை என்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்கச் சிற்றூர்க் கடையில் வாங்க வருகிறவர் கதவைத் திறந்து உள்ளே போகிறார். அதனால் அங்கே அழகெல்லாம் சுவரிலும் கண்ணாடியிலும் இருக்கிறது. நடைபாதையில் ஒன்றும் இல்லை. உங்கள் கடையில் வாடிக்கையாளர் எங்கே நிற்கிறார்? படியில். சரக்கு எங்கே இருக்கிறது? பாதி வெளியே. வியாபாரம் முழுக்க ஷட்டருக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கிற மூன்றடியில் நடக்கிறது. சாக்கடை மேல் போட்ட கல், படி, வாய் சுருட்டிய மூட்டை, தலைக்கு மேல் படுதா எல்லாம் அந்த மூன்றடிக்குள்தான். அந்த இடத்தைச் செய்துவிட்டால் பின்னால் இருக்கும் சுவர் சுமாராக இருந்தாலும் லாங் பஜார் வந்துவிடும். அதை விட்டுவிட்டு சுவரை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் வராது. உங்கள் உழைப்பில் முக்கால் பங்கை அங்கே போடுங்கள்.

அளவெடுக்க உங்களை விட வசதியானவர் யார்? காலையில் கடை திறப்பதற்கு முன், தெருவில் வண்டி நெரிசல் தொடங்குவதற்குள், டேப்போடு இறங்கிவிடுங்கள். ஹெச்.ஓ. என்பது 87-இல் ஒரு பங்கு. கணக்கு சுலபம், ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர். எட்டடி அகல ஷட்டர் 28 மில்லிமீட்டர். ஏழடி உயரம் 24.5. பத்தடி உயர மாடி 35. ஒன்பது அங்குலச் சுவரின் கனம் 2.6. ஷட்டரை மூடி வைத்து ஒரு போட்டோ, திறந்து வைத்து ஒரு போட்டோ, இரண்டையும் நேர் எதிரில் நின்று எடுங்கள். பிறகு ஷட்டர் அகலம் சரியாக 28 மில்லிமீட்டர் வரும்படி சுருக்கி பிரின்ட் போட்டால், மற்ற எல்லா அளவையும் ஸ்கேல் வைத்து அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது கிட். நம் பஜாரில் பூசாத செங்கல் முகப்பு அபூர்வம், பூச்சும் வெள்ளையும்தான். கிட் சுவரின் வெளிப்பக்கம் செங்கல், உள்பக்கம் வழவழப்பு. அதனால் சுவர்களை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிவிடுங்கள். பூச்சுச் சுவர் தயாராகக் கிடைத்துவிடும். அச்சிலிருந்து தள்ளிய வட்ட வடுக்கள் அந்தப் பக்கத்தில் இருக்கும். புட்டி வைத்து, 400 நம்பர் உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள். ஓரங்கள் சரிவாக வெட்டியிருந்தால் திருப்பியதும் மூலை சேராது. அரத்தால் நேராக்கி, மூலையில் ஒரு பட்டை ஒட்டுங்கள். பழைய கட்டடங்களில் மூலையில் பூச்சிலேயே தூண் மாதிரி எடுத்திருப்பார்கள், ஒட்டிய பட்டை அந்தத் தூணாகவே தெரியும். தட்டைக் கூரையும் கைப்பிடிச் சுவரும் நமக்கும் உண்டு என்பதால் அவை அப்படியே இருக்கட்டும். கீழ்த்தளத்துக் கண்ணாடி முகப்பை மட்டும் முழுக்க வெட்டி எடுத்துவிடுங்கள்.

அந்த இடத்தில் ஷட்டர். அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டை 28 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் பேப்பரை அதன் மேல் லேசாக ஒட்டி, இரும்பு ஸ்கேலை வைத்து, கட்டரின் முதுகுப் பக்கத்தால் ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரே அழுத்தத்தில் ஒரு முறை இழுங்கள். வெட்டக் கூடாது, பள்ளம் மட்டும் விழ வேண்டும். மூன்று அங்குலப் பட்டை என்றால் ஏழடி ஷட்டருக்கு 28 பட்டை வர வேண்டும். இப்படிச் செய்தால் 24 வரும். அது யார் கண்ணுக்கும் தெரியாது. பேப்பரை உரித்துவிட்டு, அடியில் ஒரு மெல்லிய பட்டையும் இரண்டு ஓரத்திலும் பூட்டுக் கொக்கிக்காக ஒரு புள்ளியும் வையுங்கள். சாம்பல் நிறம் அடித்துக் காய்ந்த பிறகு, நீர்த்த பழுப்பு நிறத்தைப் பள்ளங்களில் ஓடவிடுங்கள். இரண்டு கடை செய்தால் ஒன்றைத் திறந்தும், ஒன்றின் ஷட்டரை ஓரடி இறக்கியும் விடுங்கள்.

இனி அந்த மூன்றடி. 10.5 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தரையை முன்னால் நீட்டி, அதில் தெருவோரமாக 5 மில்லிமீட்டர் அகலத்தில் சாக்கடைப் பள்ளம் எடுங்கள். அதன் மேல் கடப்பா கல். உண்மையில் ஒன்றரை இரண்டு அங்குலக் கனம் என்பதால் அரை மில்லிமீட்டர் ஷீட் போதும். கல்லுக்குக் கல் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக, ஒன்று லேசாகச் சாய்ந்து, ஓரிடத்தில் கல்லே இல்லாமல் பள்ளம் தெரியும்படி வையுங்கள். நிறம் கறுப்பு அல்ல; தூசி படிந்த கருநீலச் சாம்பல். வாடிக்கையாளர் கால் படுகிற நடுப்பகுதியைப் பென்சில் கரியால் விரல் வைத்துத் தேய்த்தால் மெருகேறிவிடும். படியில் கூரான வெள்ளைப் பென்சிலால் சின்னதாக ஒரு கோலம்.

மூட்டைகளை எம்-சீலில் உருட்டுங்கள். ஐம்பது கிலோ மூட்டை ஏறக்குறைய மூன்றடி, அதாவது பத்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். காய்வதற்குள் பழைய காடாத் துணியை மேலே அழுத்தி எடுத்தால் கோணி நெசவு பதிந்துவிடும். திறந்த மூட்டைக்குத் தலையை அமுக்கிப் பள்ளமாக்கி, விளிம்பில் மெல்லிய திரி ஒன்றைச் சுற்றி ஒட்டுங்கள். அதுதான் சுருட்டிய வாய். பள்ளத்தில் ஃபெவிகால் தடவி, மிளகாய்க்குச் சிவப்புக் கலர்ப் பொடியும் பருப்புக்கு மஞ்சள் கலந்த நைஸ் மணலும் தூவலாம். சமையலறையிலிருந்து உண்மையான ரவையை எடுத்துவந்து தூவாதீர்கள். அரை மில்லிமீட்டர் ரவை அந்த அளவில் கோலிக்குண்டு ஆகிவிடும். எறும்பும் வரும்.

தலைக்கு மேல் சன்ஷேடு, இரண்டடி நீட்டம், 7 மில்லிமீட்டர். அதன் அடியில் ஷட்டர் சுருளும் பெட்டி. சன்ஷேடின் இரண்டு மூலையிலிருந்தும் மழைநீர் வழிந்த கறுப்புக் கோடுகள் சுவரில் இறங்க வேண்டும். மேலிருந்து கீழே மட்டும் இழுங்கள், குறுக்கே தூரிகை போகவே கூடாது. எலுமிச்சையும் மிளகாயும் கட்டிய கயிறு வேண்டும் என்றால் ஒரு தலைமுடி கனத்துக்குச் செப்புக் கம்பியும் அதன் நுனியில் ஒரு பச்சைப் பொட்டும் போதும். ஓரடி தள்ளி நின்று பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும்.

போர்டு எழுதுவதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: உங்கள் பாதையில் ஓடுவது ஒய்.பி. நீராவி எஞ்சினா, ஒய்.டி.எம்.-4 டீசலா? மீட்டர் கேஜ் என்று மட்டும் சொன்னால் போதாது. உங்கள் ஸ்டேஷன் இருக்கும் காட்பாடி–விழுப்புரம் பாதை அகலமாகி முழுதாகத் திறந்தது 2010-இல்தான். நீராவி என்றால் ஷட்டரை விட, எண் போட்டுக் காடியில் செருகும் கடைப்பலகைகள் பொருத்தம். ஒரு பலகை ஓரடி அகலம், 3.5 மில்லிமீட்டர், அட்டையில் கீறினாலே போதும். தகரத்தில் எனாமலால் கையெழுத்துப் போர்டு. டீசல் கடைசிக் காலம் என்றால் ஷட்டரும், மஞ்சளில் எழுதிய எஸ்.டி.டி. பூத் போர்டும். அந்த ஒரு மஞ்சள் போர்டு பார்க்கிறவருக்குத் தொண்ணூறுகளைச் சொல்லிவிடும். ஃப்ளெக்ஸ் வேண்டவே வேண்டாம். இன்றைய போட்டோவைச் சுருக்கி ஒட்டுகிற அவசரத்தில் அது உள்ளே நுழைந்துவிடும், நுழைந்தால் மீட்டர் கேஜ் கெட்டது. தமிழ்நாட்டுக் கடைப் பெயர்ப் பலகை விதி, தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, பிற மொழிக்கு இரண்டு என்று இடம் பிரித்துச் சொல்கிறது. அந்த விகிதத்தை வைத்துக் கோடு போட்டுக்கொண்டால் போர்டு தானாகவே நம் ஊர்ச் சாயலுக்கு வந்துவிடும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரம் என்பதால் வரிசையில் ஒரு போர்டிலாவது உருது இருக்கட்டும். ஓரடி எழுத்து 3.5 மில்லிமீட்டர்தான். லேசர் பிரின்ட் எடுங்கள், மெல்லிய கோடுள்ள எழுத்துருவைத் தவிருங்கள். தாளின் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து மெல்லிசாக்கிவிட்டு ஒட்டினால் சுவரில் எழுதினது போலவே இருக்கும்.

ஆம்பூர் நண்பரின் தோலைப் பற்றி. ஷூவின் மேல்தோல் சுமார் 1.2 மில்லிமீட்டர் கனம். 87-ஆல் பெருக்கினால் நாலு அங்குலத்துக்கும் மேல். அப்படி ஒரு தோலைச் சுமக்கிற மாடு கிடையாது. எனவே தோல் மண்டி காட்சி வைத்தால்கூட, தோலைத் தோலால் செய்ய முடியாது. அவரிடம் வேறு மூன்று பொருள் கேளுங்கள். ஒன்று, இன்சோல் போர்டு. ஒன்றரை மில்லிமீட்டர் அட்டை, பிசிறில்லாமல் வெட்டுப்படும், அடுத்த கடைகளின் சுவருக்கு அதுவே போதும். இரண்டாவது, ஷூவுக்குள் திணிக்கும் டிஷ்யூ பேப்பர். தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து விரித்தால் படுதா; மஞ்சள் கலந்த பழுப்பு அடித்து மடித்து அடுக்கினால் மண்டிக்குத் தோல் கட்டு. மூன்றாவது, பெட்டிக்குள் போடும் சிலிக்கா ஜெல் பொட்டலம். மழைக்காலத்தில் மாடலை மூடி வைக்கும் பெட்டியில் அது இருந்தால் அட்டை வளையாது. தோல் தேய்த்த தூளை மண்ணுக்குப் பதிலாகத் தூவலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குரோமியத்தில் பதனிட்ட தோலின் தூள் மூச்சில் போகக் கூடாது.

பொம்மை மனிதர்கள் வாங்கும்போது பெட்டியில் அச்சடித்த அளவை நம்பாமல் ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஐந்தரை அடி ஆள் 19 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கட்டட மாடலுக்கு விற்கிறவற்றில் 17-ம் கலந்து வரும், 23-ம் வரும். பேன்ட் போட்ட பொம்மையின் கால்களுக்கு நடுவே புட்டி நிரப்பினால் வேட்டி, லுங்கி, புடவை எல்லாம் வரும். தண்டவாள இடைவெளியும் 12 மில்லிமீட்டர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் கேஜ் கணக்குப்படி 11.5, அதனால் 12 ஏறக்குறையப் பொருந்துகிறது. சுலபமாகக் கிடைக்கிறதே என்று 9 மில்லிமீட்டர் வாங்கினால், அது இரண்டரை அடிக் குறும்பாதையின் அளவு.

மொட்டை மாடி அறை என்றீர்கள். வேலூர் சித்திரை வெயிலில் அந்த அறையில் பிளாஸ்டிக் சுவர் நெளிய வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு சுவரின் பின்னாலும் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் ஒட்டுங்கள். ஜன்னல் பிளாஸ்டிக்கை ஃபெவிக்விக்கால் ஒட்டினால் புகை படிந்து மங்கும். அதற்கு ஃபெவிகாலே நல்லது. பிளாஸ்டிக் ஒட்டும் திரவத்தை ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு மட்டும் பயன்படுத்துங்கள்.

கடைசியாக இடம். லாங் பஜாரும் கன்டோன்மென்ட் ஸ்டேஷனும் பக்கத்துப் பக்கம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். தண்டவாளத்தை ஒட்டிக் கடை வரிசையை வைத்தால் வேலூர்க்காரர் ஒவ்வொருவரும் அதைத்தான் முதலில் கேட்பார். ஆம்பூர் என்றால் ரயில் பாதை ஊரை ஒட்டியே போகிறது, கேள்வி வராது. நீங்கள் பலகையின் குறுக்கே ஓர் அடி உயரத்துக்கு வானம் வரைந்த தடுப்பு நிறுத்துங்கள். ஒரு பக்கம் ஸ்டேஷன், மறுபக்கம் பஜார். பஜார்ப் பக்கம் கடைகளுக்கு முழு ஆழம் தேவையில்லை. முப்பதடி ஆழக் கடையை 30 மில்லிமீட்டரில் நிறுத்தி, உள்சுவருக்குக் கறுப்பு அடித்து, நடுவில் ஒரு வெள்ளை எல்.இ.டி. வையுங்கள்; 12 வோல்ட்டுக்கு ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் போதும். அதன் முன்னால் 14 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குச்சி ஒன்று கிடைமட்டமாக இருந்தால் நாலடி டியூப் லைட் ஆகிவிடும். வெளிச்சம் சுவர் இடுக்கில் கசிகிறதா என்று இருட்டில் ஒரு முறை பார்த்துவிட்டு, பிறகு கூரையை ஒட்டுங்கள்.