விதியும் எடுத்துக்காட்டும்

பத்து முறை படித்தும் விளங்காத விதி, தக்கதோர் எடுத்துக்காட்டால் நொடியில் விளங்கிவிடுவதை வகுப்பறையில் நாம் அன்றாடம் காண்கிறோம். பவணந்தி முனிவரின் நன்னூல், உரையின் கூறுகளுள் ‘காட்டு’ என்பதையும் ஒன்றாக வைத்துள்ளது. உரையாசிரியர்க்குரிய இக்கடமை, மென்பொருளுக்குக் கையேடு எழுதுவோர்க்கும் உரியதே.

மென்பொருள் எவ்வாறு இயங்க வேண்டும் என்பதைப் பயன்படுத்துவோரே ஒரு கோப்பில் குறித்து வைப்பதுண்டு. அக்குறிப்புகளை அமைவுகள் என்பர். சான்றாகக் ‘கிரான்’ என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். யுனிக்ஸ் வகைக் கணினிகளில், குறித்த நேரத்தில் குறித்த வேலையைத் தானே தொடங்கி வைப்பது இது. 1987-இல் பால் விக்சி எழுதிய வடிவம் பெரிதும் பரவியது. இதில் நேரத்தைக் குறிக்க ஐந்து இடங்கள் உண்டு: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. உடுக்குறி (*) இட்டால் ‘எல்லாம்’ என்பது பொருள். விதி இவ்வளவே. இதற்கு எடுத்துக்காட்டு எவ்வாறு அமைய வேண்டும்?

முதலாவது, எண்கள் வேறுபட்டிருக்க வேண்டும். ‘5 5 5 5 *’ என்று எழுதினால் எந்த 5 எதைக் குறிக்கிறது என்பது தெரியாது. ‘30 6 15 8 *’ என்றாலோ, ஆகஸ்டு 15 காலை 6.30 மணி என்பது தெளிவாகிவிடும்.

இரண்டாவது, தவறு நேரக்கூடிய இடத்தை அருகருகே வைத்துக் காட்ட வேண்டும். ‘0 6 * * *’ என்றால் நாள்தோறும் காலை 6 மணிக்கு ஒரு முறை. ‘* 6 * * *’ என்றால் 6.00 முதல் 6.59 வரை நிமிடத்திற்கு ஒன்றாக 60 முறை! அவ்வேலை கடிதம் அனுப்புவதாயின், ஒருவருக்கே 60 கடிதங்கள் போய்ச் சேரும்.

மூன்றாவது, இரண்டு அமைவுகள் சேரும்போது விளைவதைக் காட்ட வேண்டும். ‘0 6 13 * 5’ என்பதில் கடைசி 5 வெள்ளிக்கிழமை. பதின்மூன்றாம் தேதி வெள்ளியன்று வந்தால் மட்டுமே வேலை நடக்கும் என எண்ணத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு பதின்மூன்றாம் தேதியும் நடக்கும். ஒவ்வொரு வெள்ளியும் நடக்கும்.

நான்காவது, படிப்பவர் எடுத்துக்காட்டை அப்படியே பார்த்து எழுதுவார் என்பதை மறவாதிருக்க வேண்டும். இணைய முகவரி காட்ட வேண்டுமாயின் பிறருடைய முகவரியை இடலாகாது. இதற்கென்றே ‘எக்ஸாம்பிள்.காம்’ என்னும் பெயரை 1999-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2606 என்னும் ஆவணம் ஒதுக்கி வைத்துள்ளது.

இவை சிறு செய்திகளாகத் தோன்றலாம். நான் தமிழ் வழியில் பயின்று, எங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். கையேடுகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன; ஐயம் எழுந்தால் வீட்டில் கேட்டறிய ஆளில்லை. என் போன்றோர் முதலில் பற்றிக்கொள்வது எடுத்துக்காட்டைத்தான். அது தெளிவாக இருந்தால், அதைக்கொண்டே ஆங்கில விளக்கத்தையும் புரிந்துகொள்கிறோம். தெளிவற்றிருந்தால், ‘இது நமக்கு வராது’ என்று ஒதுங்கிவிடுவோர் பலர். குறை அவர்தம் அறிவில் இல்லை, கையேட்டில் உள்ளது.

மாணவ நண்பர்களே! நாளை நாமும் கையேடு எழுதும் நிலைக்கு வருவோம். எழுதி முடித்ததும் புதியவர் ஒருவரிடம் அதைக் கொடுத்து, வேறொரு நேரத்தைத் தாமே குறிக்கச் சொல்வோம். அவர் யாரையும் கேளாமல் சரியாக எழுதிவிட்டால், நம் எடுத்துக்காட்டு தன் கடமையைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம்.