வீட்டில் தோட்டா ரீலோடிங்: முதல் கருவிகளை வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் எந்தச் சுடுதளத்துக்குப் போனாலும் சிலர் சுட்டு முடித்ததும் குனிந்து, தரையில் கிடக்கும் பித்தளைக் கேஸ்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வதைப் பார்க்கலாம். ஒரு தோட்டாவுக்கு நான்கு பாகங்கள்: பித்தளைக் கேஸ், அதன் அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டபின் மிஞ்சுவது கேஸ் ஒன்றுதான். பெரும்பாலும் நான்கிலும் விலை கூடியதும் அதுவே. பழைய பிரைமரைத் தள்ளிவிட்டு, விரிந்த கேஸைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாகப் போடுவதுதான் ரீலோடிங்.

கடைக்குப் போகும் புதியவரின் கண் நேராகப் பெரிய பிரெஸ் மேல்தான் விழும். நான் சொல்வது வேறு: அளந்து பார்க்கும் கருவிகளுக்கு முதலில் காசு ஒதுக்குங்கள். வேகம் தரும் கருவிகள் பிறகு வரட்டும்.

சட்டத்தை முதலில் பாருங்கள்

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் தயாரிப்பாளர் உரிமம் கட்டாயம். மாநில, நகர விதிகள் இடத்துக்கு இடம் மாறும், அவற்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துத் தெரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எந்தத் தோட்டா?

ஒரே ஒரு வகையில் தொடங்குங்கள். பழகுவதற்குக் கைத்துப்பாக்கித் தோட்டாவான .38 ஸ்பெஷல் நல்ல தேர்வு. கேஸ் நேரான குழாய் வடிவம், அழுத்தம் குறைவு. ரைபிள் தோட்டாக்களில் பல, கழுத்துச் சிறுத்த சீசா வடிவத்தில் இருக்கும். அவற்றுக்கு எண்ணெய்ப் பூச்சு, நீளம் வெட்டுதல் என்று வேலை கூடும்.

.38 ஸ்பெஷலில் ஓர் ஆபத்தும் உண்டு. 1898இல் வந்த இந்தத் தோட்டாவின் கேஸ், அந்தக் காலக் கருமருந்து கொள்ளும் அளவுக்குப் பெரியது. இன்றைய புகையில்லா மருந்து அதில் அடிப்பகுதியை மட்டுமே நிரப்பும். கைதவறி இரண்டு முறை மருந்து போட்டாலும் வழியாது. தோட்டா வெளிப்பார்வைக்குச் சரியாகவே இருக்கும், சுடும்போது துப்பாக்கி சிதறும். மருந்தே போடாமல் விட்டால், பிரைமரின் வேகத்தில் மட்டும் குண்டு கிளம்பிக் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். கீழே சொல்லும் கருவிகளில் பாதி, இந்த இரண்டையும் தடுக்கத்தான்.

முதல் செலவு: கையேடு

லைமன், ஹார்னடி போன்ற நிறுவனங்களின் அச்சிட்ட கையேடு ஒன்று, முடிந்தால் இரண்டு வாங்குங்கள். எந்தக் குண்டுக்கு எந்த மருந்து, தொடக்க அளவு என்ன, உச்ச அளவு என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். தொடக்க அளவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நண்பர் வாய்மொழியாகச் சொன்ன அளவைப் பின்பற்றக் கூடாது. மருந்தின் பெயரையும் முழுதாகப் படியுங்கள்: 4350 என்ற எண் ஹாட்ஜ்டன் டப்பாவிலும் இருக்கும், ஐ.எம்.ஆர். டப்பாவிலும் இருக்கும்; இரண்டும் வேறு வேறு மருந்துகள்.

தராசு

இங்கே கஞ்சத்தனம் கூடாது. மருந்தை நிறுக்கும் அலகு கிரெய்ன். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் சுமார் 64.8 மில்லிகிராம், நம் குன்றிமணி எடையில் ஏறத்தாழ பாதி. அதிலும் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் தராசு வேண்டும்.

எலக்ட்ரானிக் தராசு வேகமானது. ஆனால் சூடேறும்வரை எண் நகர்ந்துகொண்டே இருக்கும், மின்விசிறிக் காற்றுக்கும் ஆடும். முள் வைத்த பழைய பாணித் தராசுக்கு மின்சாரம் வேண்டாம். முள் கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி, மெல்ல மெல்ல அடங்கிக் கோட்டிலேயே நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். தொடங்குபவருக்கு நான் சொல்வது முள் தராசுதான். எதை வாங்கினாலும் சோதனை எடைக்கற்கள் கூடவே வேண்டும். உட்காரும் ஒவ்வொரு முறையும் முதலில் கல்லை வைத்துப் பாருங்கள்.

மருந்தைக் கொள்ளளவால் அளந்து கொட்டும் குப்பி ஒன்றும் விற்கிறார்கள். பிறகு வாங்கலாம். வாங்கினாலும் அது கொட்டுவதை அடிக்கடி தராசில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

பிரெஸ்

ஒரு டை (கேஸில் வேலை செய்யும் அச்சு) மட்டும் பொருத்தும் ஒற்றை நிலை பிரெஸ், ஒரு இழுப்புக்கு ஒரு வேலை செய்யும். ஐம்பது கேஸ்களுக்கும் ஒரு வேலையை முடித்த பிறகே அடுத்த வேலை. ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் ராக் சக்கர், லீ நிறுவனத்தின் மலிவான மாடல்கள் எல்லாம் இந்த வகை. டில்லான் போன்ற புரோகிரசிவ் பிரெஸ்ஸில் ஒவ்வொரு இழுப்பிலும் பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும். நான்கு இடங்களை ஒரே பார்வையில் கவனிக்கும் பழக்கம் வராதவருக்கு அது வேண்டாம். ஒற்றை நிலையில் ஒரு வருடம் பழகியவருக்கு, எந்த இழுப்பில் கை கனத்தால் என்ன பிழை என்று தெரிந்திருக்கும்.

பிரெஸ்ஸைக் கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். மேசை ஆடினால் கைக்கு எதுவும் தெரியாது.

டை, ஷெல் ஹோல்டர்

டைகளின் மறை அளவு பெரும்பாலும் ஒன்றே: 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 சுற்று. ஒரு நிறுவனத்தின் பிரெஸ்ஸில் இன்னொன்றின் டை உட்காரும். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு மூன்று டை கொண்ட செட்: அளவைச் சுருக்க, வாயை விரிக்க, குண்டைப் பொருத்த. கார்பைடு வளையம் உள்ளதையே வாங்குங்கள். எண்ணெய் பூசும் வேலை மிச்சம். கேஸைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் சில செட்டுகளோடு வரும், சிலவற்றோடு வராது. கேட்டு வாங்குங்கள்.

மற்ற சாமான்கள்

தோட்டாவின் மொத்த நீளம் பார்க்க, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றைக் காட்டும் வெர்னியர். தப்பாகச் செய்ததைப் பிரிக்க, சுத்தியல் வடிவப் புல்லர். கண்ணைக் காக்கும் கண்ணாடி, தவறாமல். கேஸைச் சுத்தம் செய்யும் டம்ளர் இயந்திரம் பிறகு வரலாம்.

மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடக் கூடாதது, குழிகள் போட்ட லோடிங் பிளாக். மருந்து போட்ட ஐம்பது கேஸ்களையும் அதில் நிறுத்தி, குண்டு வைக்கும் முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பாருங்கள். வரிசையில் ஒரு கேஸில் மட்டும் மருந்து மட்டம் ஏறியோ இறங்கியோ இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பிரைமர் பதித்த அடிப்பகுதியை விரல்நுனியால் தடவுங்கள். பிரைமர் துருத்தக் கூடாது, மட்டத்துக்கு மயிரிழை உள்ளே இருக்க வேண்டும்.

மருந்தும் பிரைமரும் வைக்கும் இடம்

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. வேலை முடிந்ததும் மிச்சம் அதே டப்பாவுக்குள். அமெரிக்கத் தீ பாதுகாப்பு விதித்தொகுப்பு என்.எஃப்.பி.ஏ. 495, வீட்டில் மூல டப்பாக்களில் 20 பவுண்டு வரை மருந்தும், 10,000 வரை பிரைமரும் வைக்கலாம் என்கிறது. உள்ளூர் விதி இன்னும் கடுமையாக இருக்கலாம். பிரைமரைப் பெட்டியிலிருந்து கொட்டி வேறு டப்பாவில் நிரப்பக் கூடாது: ஒன்று வெடித்தால் எல்லாம் வெடிக்கும். பிரைமரில் ஈயச் சேர்மம் இருப்பதால் அந்த மேசையில் சாப்பாடு, டீ கூடாது. எழுந்ததும் கைகழுவுங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த அலமாரிக்குப் பூட்டு வேண்டும்.

பழைய சாமான் வாங்கலாமா?

பிரெஸ்ஸும் டையும் தாராளமாக. வார்ப்பிரும்புப் பிரெஸ் எளிதில் தேயாது. டையின் உள்ளே துருவும் கீறலும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தராசை எடைக்கல் வைத்துச் சோதித்த பிறகே காசைக் கொடுங்கள். திறந்த மருந்து டப்பாவை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். லேபிளில் ஒன்று எழுதியிருக்கும், உள்ளே வேறொன்று இருக்கலாம். பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. முகம் தெரியாதவர் ரீலோட் செய்த தோட்டாவும் அப்படித்தான். வந்து சேர்ந்துவிட்டால் சுட வேண்டாம், புல்லரில் போட்டுப் பிரித்துக் கேஸை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.