ஃபெடரரின் எதிரிகள் சோப்ளாங்கிகளா?

கேள்வி: டென்னிஸில் 2004-07 காலத்தில் ஃபெடரருக்குச் சரியான போட்டியே இல்லை என்கிறான் என் மகன். நிஜமா?

பதில்: ஒருவரே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனால் மற்றவர்கள் சோப்ளாங்கிகளாகத்தான் தெரிவார்கள். அந்த 16 கிராண்ட்ஸ்லாம்களில் 11 ஃபெடரருக்கு. தன் ஆட்ட வாழ்க்கையில் கிராண்ட்ஸ்லாம் இறுதி ஆட்டங்களில் மொத்தம் நான்கு முறை அவரிடம் தோற்ற ஆண்டி ராடிக்கை இளப்பமாகப் பேசுகிறோம். அதே ராடிக், ஜோகோவிச்சுடன் மோதிய 9 ஆட்டங்களில் 5-ல் வென்றவர்! (ஜோகோவிச் அப்போது முழுசாகப் பழுக்கவில்லை என்பதையும் மகனிடம் சொல்லிவிடுங்கள்.) போதாததற்கு, 2005-லேயே பாரிஸின் பிரெஞ்சு ஓபனில் நடால் வந்து உட்கார்ந்துவிட்டார்.

போட்டி குறைந்த காலம் எது என்றால், நான் 1962-ஐக் காட்டுவேன். அந்த வருஷம் ராட் லேவர் நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களையும் வென்றார். ஆனால், பணத்துக்கு ஆடுபவர்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. கென் ரோஸ்வால், லூ ஹோட் போன்ற சூரர்கள் வாசலுக்கு வெளியே. மறு வருஷம் லேவரும் தொழில்முறைக்குப் போனார். ஆரம்பத்தில் அந்த இருவரும் அவரைப் புரட்டி எடுத்தார்கள். 1968-ல்தான் கதவு எல்லோருக்கும் திறந்தது. 1969-ல் லேவர் மறுபடியும் நான்கையும் வென்றார்.