நிலத்தடி வழிகள்

தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையைக் காணாத நாஞ்சில் நாட்டு மாணவர் சிலரே. அங்குத் தாய்க்கொட்டாரம் என்னும் மிகப் பழைய பகுதியில் ஒரு சுரங்க வாயில் உண்டு. இன்று அடைபட்டுக் கிடக்கிறது. பகைவர் சூழ்ந்தால் அரச குடும்பத்தினர் சாரோட்டுக் கொட்டாரத்திற்குத் தப்பிச் செல்ல அமைத்த வழி என்பர். உயிர் காக்கத் தோண்டிய சுரங்கம் அது!

1795ஆம் ஆண்டளவில் திருவிதாங்கூரின் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறிற்று. இன்று அந்நகரின் அடியிலும் வழிகள் ஓடுகின்றன. ஆனால், அவை பாதாளச் சாக்கடைகள். அவற்றுள் இறங்குவோருக்கு வேறொரு பகைவன் காத்திருக்கிறான். காற்றோட்டமின்றித் தேங்கிய கழிவு அழுகுங்கால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சுவாயு பிறக்கிறது. அழுகிய முட்டையின் நாற்றமுடைய இவ்வாயு மிகுந்தால், மூக்கின் நுகரும் ஆற்றலே மரத்துவிடும். நாற்றம் நின்றதென்று எண்ணுபவன் அடுத்த கணம் வீழ்வான்; அவனைத் தூக்க இறங்கும் தோழனும் வீழ்வான். இங்ஙனம் நம் நாட்டு நகரங்களில் மாண்டோர் பலர். காப்புக் கருவியின்றி மனிதரை உள்ளே இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. சாவுகளோ நின்றபாடில்லை.

2018ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் இளம் பொறியாளர் சிலர், தாம் ஆக்கிய இயந்திரம் ஒன்றைச் சாக்கடைக் குழியினுள் இறக்கினர். கேமராவும் கழிவை அள்ளும் கையும் கொண்ட அதற்கு, பெருச்சாளி எனப் பொருள்படும் 'பாண்டிகூட்' என்னும் பெயரிட்டனர், பொருத்தமான பெயரே. அதனை இயக்குபவர் மேலே தெருவில், வெளிக்காற்றில் நின்று திரையைப் பார்க்கிறார்.