நிலம் நடுங்கிய அளவு

1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள், விடியுமுன் கொங்கு நாட்டு மண் நடுங்கியது. கோயம்புத்தூரை அடுத்த பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் தோன்றிய அவ்வதிர்வு தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. கணவாய்க்குக் கிழக்கே அமைந்த உடுமலைப்பேட்டை அதற்கு அண்மையில் இருந்தது. இன்றைய நூல்கள் அதன் அளவை ஏறத்தாழ 6 எனக் குறிக்கின்றன. ஆனால், சார்லஸ் ரிக்டர் தம் அளவுகோலை வகுத்தது 1935இல்தான். அளவுகோல் பிறக்குமுன் நிகழ்ந்த நடுக்கத்திற்கு எண் எங்கிருந்து வந்தது?

உடுமலை வட்டாரத்து விசைத்தறிக்கூடம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தறியை இயக்கும் மோட்டாரின் திறன் ஒன்றே. ஆயினும் கூடத்தில் நிற்பவருக்குக் காலடித் தரை அதிர்கிறது. அடுத்த வீட்டில் பாத்திரம் மட்டும் மெல்ல ஒலிக்கிறது. அடுத்த தெருவிலோ எதுவும் தெரிவதில்லை. நிலநடுக்கமும் இத்தகையதே. அதன் மூலத்தில் வெளிப்பட்ட வலிமை ‘அளவு’. ஓர் ஊரில் அது உணரப்பட்ட கடுமை ‘செறிவு’. ஒரு நடுக்கத்திற்கு அளவு ஒன்று. செறிவோ ஊருக்கு ஊர் வேறு.

செறிவைக் கணிக்கக் கருவி தேவையில்லை. உறங்கியோர் விழித்தனரா, சுவர் வெடித்ததா என்பன போன்ற செய்திகளைக் கொண்டு மெர்காலி முறையில் பன்னிரண்டு படிகளுள் ஒன்று தரப்படும். 1900ஆம் ஆண்டின் செய்திகளைப் பின்னாளில் ஆய்ந்தோர், அதிர்வு எட்டிய பரப்பைக் கருவிகள் பதிந்த பிற நடுக்கங்களோடு ஒப்பிட்டனர். 6 என்பது அவ்வாறு பெற்ற மதிப்பீடேயன்றி நேரே அளந்த எண் அன்று.

ரிக்டர் அளவுகோல் ஒரு கருவி எனப் பலர் கருதுவர். அது கணக்கீட்டு முறையே. அதிர்வைப் பதிவது நிலநடுக்கமானி. அளவு ஓர் எண் உயர்ந்தால் பதிவான அலையின் வீச்சு பத்து மடங்காகும். வெளிப்படும் ஆற்றலோ ஏறத்தாழ 32 மடங்காகும். எனவே 5க்கும் 7க்கும் இடையே ஆற்றலில் ஆயிரம் மடங்கு வேறுபாடு உண்டு. மிகப் பெரிய நடுக்கங்களை இம்முறை குறைத்தே காட்டியதால், பிளவின் பரப்பையும் பாறை நழுவிய தொலைவையும் கணக்கிற்கொள்ளும் புதிய முறை 1970களில் உருவானது. செய்தித்தாள்கள் இன்றும் ரிக்டர் பெயரை விடவில்லை.

1993 செப்டம்பர் 30இல் மராட்டிய மாநிலம் லாத்தூர்ப் பகுதியைக் குலைத்த நடுக்கத்தின் அளவு 6.2. கொங்கு நாட்டு நடுக்கத்தை விட அது பெரிதும் மிகுந்ததன்று. எனினும் அங்கே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மூலம் ஆழமின்றி இருந்தது. கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய கனத்த சுவர்கள் உறங்கியோர் மீது சரிந்தன.